களமும் கரும்பலகையும்

1

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் வகுப்பறையைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள், எங்கே உட்காரவைத்தார்கள், தண்ணீரை எப்படி ஊற்றினார்கள் என்பவை தலித் கல்வி வரலாறு திரும்பத் திரும்பக் கேட்டுவந்த கேள்விகள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதே சுற்றுச்சுவருக்குள், வகுப்பறைக்கு நூறு அடி தள்ளி இருக்கிற விளையாட்டுத் திடலை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. மணி அடித்தால் பிள்ளைகள் ஓடுகிற இடம், அதிலே என்ன அரசியல் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். "அவன் படிக்கிற பய." "இவன் வெளையாடுத பய, இவனுக்கு எங்க படிப்பு ஏறப்போவுது?" சேரியிலிருந்து வருகிற பிள்ளை எந்தப் பிரிவில் விழும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கிறபோது இந்தப் பேச்சு முடிவாகவே மாறிவிடும். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பிரித்த மனு தர்மம் பள்ளிக்கூடத்தில் மூளை வேலை, உடம்பு வேலை என்று பேரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், உடம்பு வேலைக்காரன் என்று நம்மைத் தள்ளிவிட்டவர்கள், அந்த உடம்பு திடலில் இறங்கி ஜெயித்தாலும் பொறுப்பதில்லை.

தமிழ்நாட்டரசு 2021-22 கல்வியாண்டில் 10 மாவட்டங்களில் மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கி, அடுத்த இரண்டாண்டுகளில் 38 மாவட்டங்களுக்கும் விரித்தது. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, பெரிய கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் உண்டு உறைவிடப் பள்ளிகள் இவை. விளையாட்டில் சிறந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் வேறாக இருக்கின்றன. தலைக்கு ஒரு வாசல், காலுக்கு ஒரு வாசல். இலத்தூர்ச் சேரியிலிருந்து ஒரு பிள்ளை இந்த வாசல்களில் ஒன்றில் நுழைந்தால் நமக்குச் சந்தோஷம்தான். அந்தப் பிள்ளை விட்டுப்போன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன நடக்கிறது, அதன் திடலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

2

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கைக்குப் பிறகு, சென்னை அரசாங்கம் 1893 பிப்ரவரி 1ஆம் தேதி கல்வித்துறை ஆணை எண் 68ஐ வெளியிட்டது. பஞ்சமர் பள்ளிகளுக்கு உதவித்தொகை, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியர் பயிற்சிக்குச் சலுகை என்று அது பேசியது. அடுத்த ஆண்டே, 1894இல், அமெரிக்கரான கர்னல் ஆல்காட் அடையாற்றை ஒட்டிய ஊரூரில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னால் அவை அய்ந்தாயின. அவற்றில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். 1920 வாக்கில் தொழிலாளர் ஆணையரின் கீழ் அரசே சேரிகளில் பள்ளிகள் நடத்தத் தொடங்கியது. இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று ஆயிரத்துக்கும் மேல் இருப்பவை அந்தத் தொடர்ச்சியில் வந்தவைதான்.

இந்தப் பள்ளிகளைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. நம் தாத்தா பாட்டிகள் கையெழுத்துப் போடக் கற்றது அங்கேதான். ஆனால் இவை ஏன் தனியாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நாலு பேர் சொன்ன நியாயத்தை நாம் மறக்கக் கூடாது. பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னிபெசன்ட் அம்மையார் 1909இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையில், தாழ்த்தப்பட்ட குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று வாதிட்டார். அவர் காட்டிய காரணம் அறிவு சார்ந்ததாக இல்லை, உடம்பு சார்ந்ததாக இருந்தது. நம் பிள்ளைகளின் உடம்பு, உணவு, வாசனை இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கெட்டுப்போனவை, முதலில் அவற்றைச் சுத்தப்படுத்த வேண்டும் என்பது அந்த அம்மையாரின் அக்கறை. அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் காங்கிரசைத் தோலுரித்து எழுதிய நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துவைத்து உலகத்துக்குக் காட்டினார்.

ஆக, பள்ளிக்கூடத்தின் பிரச்சினை ஆரம்பத்திலிருந்தே உடம்பின் பிரச்சினைதான். பக்கத்தில் உட்கார்ந்தால் தோள் இடிக்கும், கூட விளையாடினால் கை படும். இந்தத் தொடுதலைத் தவிர்க்கத்தான் தனிப் பள்ளி. தனிப் பள்ளிக்கு ஒரு அறை போதும், ஒரு வாத்தியார் போதும் என்று நினைத்தார்கள். ஒருவரோடும் போட்டியிடப் போகாத பிள்ளைகளுக்குத் திடல் எதற்கு? சேரிக்குள் இருந்த பள்ளிக்கு ஊர்த்தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. வரவேண்டும் என்று யாரும் திட்டம் போடவும் இல்லை.

3

செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூர் வரலாற்றோடு கட்டப்பட்டிருந்தது. அதனால் எங்கள் பக்கத்துக்கு இரண்டு முன்னோர்கள். இந்தப் பக்கம் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன். மலைக்கு அந்தப் பக்கம் அய்யன்காளி.

அய்யன்காளி எழுதப்படிக்கத் தெரியாதவர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று, புலையர் பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இடம். அரசாங்கம் அனுமதித்த பிறகும் ஊர் அனுமதிக்கவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாவிட்டால் உங்கள் வயலில் கை வைக்க மாட்டோம், புல் முளைக்கட்டும் என்று அவர் சொன்னார். மக்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்த வேலைநிறுத்தத்தை, கூலிக்காக இல்லாமல் கரும்பலகைக்காக நடந்த வேலைநிறுத்தம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. 1914இல் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்கிற சிறுமியை அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். தீட்டுப்பட்ட பள்ளிக்கூடம் இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்பது அவர்களுடைய கல்விக் கொள்கை. எரிந்தது போக மிஞ்சிய ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். 2022இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

இந்தக் கதையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. அய்யன்காளி தம் இளைஞர்களுக்கு அடிமுறையும் சிலம்பமும் பழகவைத்தார். 'அய்யன்காளிப் படை' என்று அதற்குப் பேர். பொதுத் தெருவில் வில்வண்டி ஓட்டியபோதும், பள்ளி வாசலில் நின்றபோதும் அந்த உடம்புகள் பக்கத்தில் நின்றன. படிப்பும் பயிற்சியும் அவருக்கு ஒரே காரியம். 1937இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம், தம் மக்களில் பத்துப் பேராவது பி.ஏ. ஆவதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் அதே அய்யன்காளிதான்.

சட்டம் திறந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதைப் பதிவு செய்கிறேன். சக்கரம் புழங்கின காலத்தில் அரிச்சுவடி பிடித்தவர். எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை.

"உள்ளதான் உக்காந்தோம். கடேசி பெஞ்சுதான், இருந்தாலும் உள்ளதான். வெளையாட்டுப் பீரியட்லதான் வினை. டிரில் வாத்தியாரு எங்களக் கோட்டுக்கு அங்கிட்டு நிப்பாட்டிருவாரு. பந்து வெளிய உருண்டு வந்தா எடுத்துத் தூக்கிப் போடணும். அதான் எங்களுக்கு வெளையாட்டு. கையில குடுக்கப்படாது, தூரத்துலருந்து தூக்கிப் போடணும். பந்துக்குத் தீட்டு இல்ல போல, கைக்குத்தான் தீட்டு."

"அப்போ நீங்க வெளையாடவே இல்லையா, தாத்தா?" என்றேன்.

"வெளையாடாம என்ன? பிசானம் அறுத்து முடிஞ்சா வயக்காடு சும்மாதானே கிடக்கும். கார் நடுவைக்குத் தண்ணி விடுத வரைக்கும் அது எங்க காடு. தாளு காலக் குத்தும். குத்துனா என்ன, நிலா வெளிச்சத்துல சடுகுடு பாடுவோம்."

'களம்' என்ற சொல்லுக்குத் தமிழில் நெல்லடிக்கிற இடம், போர் நடக்கிற இடம், விளையாடுகிற இடம் என்று மூன்று பொருள் சொல்வார்கள். எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு அது சொல்லாராய்ச்சி. பெரியவர் சொன்ன பிறகுதான் அது ஒரு சமூகத்தின் நில வரலாறு என்று புரிந்தது. நாம் நெல்லடித்த களமும் விளையாடிய களமும் ஒன்றுதான். இரண்டும் இன்னொருத்தன் பட்டாவில் இருந்தன. பள்ளித் திடல் மட்டும்தான் யார் பட்டாவிலும் இல்லாத பொது நிலம். அதிலேதான் நம்மைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

4

இதே கதை கடல் தாண்டியும் நடந்தது. அமெரிக்காவில் கறுப்பருக்குத் தனிப் பள்ளி, வெள்ளையருக்குத் தனிப் பள்ளி என்றிருந்ததை 1954இல் உச்சநீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. 1957இல் ஆர்க்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பு மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடு நுழைந்தார்கள். அந்தப் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படத்தில் வராத செய்தி ஒன்று இருக்கிறது. வகுப்பில் உட்கார அனுமதிக்கப்பட்ட அந்த ஒன்பது பேரும் பள்ளியின் விளையாட்டு அணி, இசைக்குழு எதிலும் சேரக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஜெஃபர்சன் தாமஸ் முந்தைய பள்ளியில் ஓட்டப்பந்தயக்காரர். புதிய பள்ளியில் அவருக்குப் பாடப்புத்தகம் கிடைத்தது, ஓடுபாதை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1958இல், ஆளுநர் ஃபாபஸ் நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே இழுத்து மூடினார். பள்ளி மூடிக்கிடந்த அந்தப் பருவத்திலும் சென்ட்ரல் பள்ளியின் வெள்ளைக் கால்பந்து அணி ஆடிக்கொண்டிருந்தது! ஊரூட்டம்பலத்தின் தீ லிட்டில் ராக்கில் பூட்டாக இருந்தது.

அதற்குப் பிறகு அங்கே ஒரு யோசனை பிறந்தது. கறுப்புப் பிள்ளைகளைத்தான் எப்போதும் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டுமா? கறுப்பர் குடியிருப்பில் இருக்கிற பள்ளியை, ஊரிலேயே சிறந்த ஆசிரியர், ஆய்வகம், இசை, கலை எல்லாம் உள்ள பள்ளியாக மாற்றினால் வெள்ளையர் தாமே தேடி வர மாட்டார்களா? 1968இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளியிலும், 1969இல் பாஸ்டனில் கறுப்பர் வாழும் ராக்ஸ்பரி பகுதியிலும் இப்படித் தொடங்கினார்கள். பாஸ்டன் பள்ளிக்கு வில்லியம் மன்றோ டிராட்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரின் பெயரை வைத்தார்கள். இவற்றுக்கு 'மேக்னட் ஸ்கூல்', காந்தப் பள்ளி என்று பேர் வந்தது. 1976 முதல் மத்திய அரசின் நிதியும் கிடைத்தது.

காந்தம் எங்கே வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஒதுக்கப்பட்டவர் தெருவில் வைத்தார்கள். ஒதுக்கினவர் பிள்ளை அதைத் தேடி வரவேண்டும்.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஒரே கட்டடத்துக்குள் வெள்ளைப் பிள்ளைகளுக்கு உயர்ந்த வகுப்பும் கறுப்புப் பிள்ளைகளுக்குச் சாதா வகுப்பும் நடந்த காந்தப் பள்ளிகள் உண்டு. நுழைவுத் தேர்வு வைத்த பள்ளிகள் வசதிக்காரர்களின் கோட்டையாயின. குலுக்கல் முறையில் இடம் கொடுத்தவை ஓரளவு கலந்து நின்றன. 2007இல் உச்சநீதிமன்றம், இனத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பள்ளிகளுக்கு ஒதுக்கும் முறையைக் கட்டுப்படுத்தியது. ஆனாலும் அந்த யோசனை நமக்கு வேண்டும். நம் நாட்டில் ஒரு அரசாங்கமாவது, சேரிப் பள்ளியை ஊரார் பொறாமைப்படும் பள்ளியாக மாற்றி, உங்கள் பிள்ளைக்கு இது வேண்டுமானால் இங்கே வா என்று சொல்லியிருக்கிறதா?

5

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டி வருகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. பள்ளிக்கல்வி இயக்குநர் 2019இல் அனுப்பிய சுற்றறிக்கை அதை ஒப்புக்கொண்டது. இந்தக் கயிறுகள் எதற்குப் பயன்படுகின்றன என்று அதில் சொல்லப்பட்டதில் ஒன்று, விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பது! அந்தச் சுற்றறிக்கையை அப்போதைய அமைச்சரே ஏற்கவில்லை. 2022 ஏப்ரலில் பாப்பாக்குடிக்குப் பக்கத்தில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிற்றை வைத்து எழுந்த சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த தலித் மாணவனைக் கூடப்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். முன்பு நடந்த கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் அவன் செய்த குற்றம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள்.

படித்ததற்கு ஒரு வெட்டு, விளையாடியதற்கு ஒரு வெட்டு. அரசாங்கம் தலைக்கும் காலுக்கும் தனித்தனி வாசல் வைத்திருக்கலாம். அரிவாளுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

கபடியை ஏன் இவர்களால் தாங்க முடியவில்லை? அந்த ஆட்டத்தின் விதியை யோசித்துப் பாருங்கள். பாடிப் போகிறவன் எதிராளியின் எல்லைக்குள் தனியாக நுழைய வேண்டும். தொட வேண்டும். தொட்டுவிட்டு உயிரோடு கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தொடப்பட்டவன் வெளியே போக வேண்டும். பாடி வந்தவனைப் பிடிக்க வேண்டுமானால் கட்டிப்பிடித்தாக வேண்டும். தீண்டாமையைத் தர்மமாகக் கொண்ட ஒரு சமூகத்தில் தொடுவதையே வெற்றியாக வைத்திருக்கிற விளையாட்டு இது. பரீட்சையில் நம் பிள்ளை முதல் மதிப்பெண் எடுத்தால் அது தாளில் இருக்கும், கோட்டா என்று சொல்லி மழுப்பிவிடலாம். திடலில் ஊர் பார்க்க, தொட்டுவிட்டு வந்தவனை என்ன சொல்லி மழுப்புவது?

1890களில் பூனாவில் பல்வங்கர் பாலு என்ற சமார் இளைஞர் வெள்ளையர் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் உருட்டுகிற வேலையிலிருந்து பந்துவீச்சாளரானார். இந்துக்கள் அணிக்கு அவருடைய விக்கெட் வேண்டியிருந்தது. தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவருக்குத் தலைமை கடைசிவரை தரப்படவில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து வந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். அவருடைய வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' படம் எடுத்தபோதுதான் பலருக்கு அந்த ஊரின் பேரே தெரிந்தது. அதே ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணியில், சென்னையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களின் கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண் இருந்தாள். பஞ்சமிக்கு நூற்றுப் பதினோரு வருஷம் கழித்து.

இவர்களெல்லாம் பள்ளித் திடல் கொடுத்ததால் மட்டும் வந்தவர்கள் இல்லை. தெருவிலும், தாள் வயலிலும், பக்கத்து ஊர்ப் போட்டிகளிலும் தேறி வந்தவர்கள். நம் பெண்பிள்ளைகளுக்கு அந்த வயக்காடும் கிடையாது. வயசுக்கு வந்த பிறகு பள்ளித் திடலை விட்டால் அவர்கள் ஓடுவதற்கு வேறு இடமே இல்லை. அந்தத் திடலின் பீரியடைத்தான் கணக்கு வாத்தியார் "பாடம் முடிக்கணும்" என்று வாங்கிக்கொள்கிறார்.

6

மாதிரிப் பள்ளிகளை மூடு என்று நான் சொல்லமாட்டேன். பணம் கட்டிக் கோச்சிங் போக முடியாத பிள்ளை அங்கே போய் ஐ.ஐ.டி.யில் நுழைந்தால் அது நம் வீட்டு விளக்கு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டை நாம் எப்படி விடமாட்டோமோ, அப்படி இதையும் விடக் கூடாது. ஆனால் இந்தக் காந்தம் எந்தத் திசையில் இழுக்கிறது என்று கேட்க வேண்டும். சேரிப் பள்ளியிலிருந்து, கிராமப் பள்ளியிலிருந்து, முதல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது. மிச்சப் பிள்ளைகள் அதே பழைய அறையில், பி.டி. வாத்தியார் இல்லாத திடலில். அமெரிக்கக் காந்தம் ஒதுக்கினவனை ஒதுக்கப்பட்டவன் தெருவுக்கு இழுக்கப் பார்த்தது. நம் காந்தம் ஒதுக்கப்பட்டவனில் ஒருவனைத் தெருவைவிட்டு வெளியே எடுக்கிறது. ஒருவன் தப்பிப்பதும் தெரு மாறுவதும் ஒன்றல்ல.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 நிதிநிலை அறிக்கை சொன்னது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கி அரசுப் பள்ளி என்று மட்டும் வைக்கச் சொன்னது. கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. சரி. பலகையில் பேர் மாறினால் ஊர்ப் பிள்ளை சேரிப் பள்ளிக்கு வந்துவிடுமா? வராது. வருவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

அதனால் நம் கோரிக்கையை இப்படித் திருப்பி வைக்கலாம் என்று நினைக்கிறேன். அடுத்த மாதிரிப் பள்ளியைச் சேரிக்குள் கட்டு. நலப் பள்ளிகளில் சிலவற்றை எடுத்து, நல்ல ஆய்வகமும் நூலகமும், நானூறு மீட்டர் ஓடுபாதையும், ஆண் பெண் இரு பாலருக்கும் பயிற்சியாளரும் கொடு. அக்கம்பக்கத்து எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் குலுக்கலில் இடம் கொடு, சேரிப் பிள்ளைகளுக்கு முதல் உரிமையோடு. படிப்பையும் விளையாட்டையும் ஒரே கூரையின் கீழ் வை. அணிக்கு ஆள் எடுக்கிற அதிகாரத்தைக் கயிற்றிடமிருந்து பிடுங்கு. பிடிக்காதவர்கள் வரவேண்டாம். பிள்ளையின் எதிர்காலமா சாதியா என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை நடக்கட்டும். இத்தனை நாள் எல்லாச் சண்டையும் நம் வீட்டு வாசலிலேயே நடந்துவிட்டது.

இதை வெறும் தீர்மானமாக விட்டால் காற்றோடு போகும். இயக்கத் தோழர்களும் மாணவர்களும் ஒரு வேலை செய்யலாம். அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். திடல் எத்தனை ஏக்கர், எத்தனை சென்ட், யார் பேரில் பட்டா, யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள், உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, கடைசியாக வெளியூர் போட்டிக்குப் போன அணியில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வாயால் கேட்டுச் சொல்லாவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து படியுங்கள். நான் இலத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் எழுதி அனுப்புவதையும் சேர்த்தால், நம் திடலின் வரலாற்றை நாமே எழுதிவிடலாம்.